காலையில் பரி, இரவில் நரி

திருவாதவூர் என்றதும் உங்களில் பலருக்கு மாணிக்கவாசகர்தான் நினைவுக்கு வருவார். மதுரைக்கு வடகிழக்கே 20, 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த ஊர்தான் அவர் பிறந்த ஊர். அவரைப் பற்றிய புராணக் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். குதிரை வாங்கி வா என்று பாண்டிய மன்னன் பொன்னும் பொருளும் கொடுத்து அனுப்பினான். வாதவூரரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, கொண்டுபோன பொருளை எல்லாம் திருப்பணியில் செலவிட்டு விட்டார். அவருக்காக இறைவனே நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். பகலெல்லாம் பார்த்தவர் மெச்சும் குதிரைகள்; இராத்திரி ஆனதும் பழையபடி நரிகள்! லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடிப் போயின.

இந்தக் கதையில் ஒரு சின்ன விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. குதிரையைக் கொடுக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கயிறு கைமாறிய பிறகு குதிரைக்கு என்ன ஆனாலும் கொடுத்தவன் பொறுப்பில்லை. வாங்குகிறவன் பகலிலேயே பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டும். மன்னன் கயிற்றை வாங்கினான், இராத்திரி தவித்தான்.

கார் வாடகை சமாசாரமும் இப்படித்தான் இருக்கிறது, சகோதரிகளே! காலையில் வாசலில் வந்து நிற்கும்போது பளபளவென்று பரி. சொன்ன வாடகையும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. இராத்திரி வீட்டு வாசலில் இறங்கிக் கணக்குப் பார்க்கும்போது அது நரியாகி விடுகிறது. பேட்டா என்கிறார்கள், ஷெட் கிலோமீட்டர் என்கிறார்கள், வெயிட்டிங் என்கிறார்கள். தரிசனம் செய்து வந்த நிம்மதி போய், வாசலில் நின்று வாக்குவாதம் செய்யும்படி ஆகிறது. மாமியாருக்கு மனக்கஷ்டம், குழந்தைக்குத் தூக்கம், பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கின்றன. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும், "போனால் போகிறது, கொடுத்துத் தொலையுங்கள்" என்றுதான் சொல்வோம். மறைந்திருக்கும் கட்டணம் பிழைப்பதே நம்முடைய அந்தக் களைப்பினால்தான்.

சென்னையிலிருந்தோ கோயமுத்தூரிலிருந்தோ ஒரு குடும்பம் ரயிலில் மதுரைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மீனாட்சியைத் தரிசித்தாயிற்று. மறுநாள் திருமோகூர், திருவாதவூர், அழகர் கோவில் மூன்றும் பார்க்க வேண்டும். வயதானவர்கள் இருக்கிறார்கள்; ஆகவே கார். போனில் விசாரிக்கிறீர்கள்.

"எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், 2,200 ரூபாய் அம்மா."

"எல்லாம் சேர்த்துத்தானே?"

"ஆமாம்மா, எல்லாம் சேர்த்துத்தான்."

அவ்வளவுதான், திருப்தியாகப் போனை வைத்து விடுகிறோம். "எல்லாம்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் உங்களுடைய எல்லாம் வேறு, அவருடைய எல்லாம் வேறு. உங்களுக்கு எல்லாம் என்றால் காலை முதல் இரவு வரை ஆகிற சகல செலவும். அவருக்கு எல்லாம் என்றால் காரும் டீசலும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் சண்டை நிச்சயம்!

இந்தப் பிரயாணத்தின் கணக்கை ஒரு மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நான் வைத்துக் கொண்ட தொகைகள். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். பேசிய வாடகை 2,200. ஒடிய தூரம் 100 கிலோமீட்டர். அதிகப்படி 20 கிலோமீட்டருக்கு 15 ரூபாய் வீதம் 300. ஆன நேரம் பத்து மணி. அதிகப்படி இரண்டு மணிக்கு 150 வீதம் 300. டிரைவர் பேட்டா 400. இதுவரை 3,200. அதன்மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 160. சுங்கமும் பார்க்கிங்கும் 200. ஆக மொத்தம் 3,560 ரூபாய். பேசியது 2,200, கொடுத்தது அதைவிட 1,360 அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மாவா?

ஆனால் ஒன்று. மேலே சொன்ன இனங்களில் எதையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. டிரைவர் சாப்பிட வேண்டாமா? அதிகம் ஓடினால் அதிக டீசல் ஆகாதா? ஒவ்வொன்றும் முன்னாலேயே சொன்னால் நியாயமான செலவு. பின்னால் சொன்னால் அநியாயம். ஆகவே நம் வேலை டிரைவரோடு மல்லுக்கு நிற்பதல்ல. கயிறு கைமாறும் முன்னே எல்லாவற்றையும் சொல்ல வைப்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஷெட் கணக்கு. நீங்கள் காரில் ஏறிய இடத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறீர்கள். பல இடங்களில் அப்படி இல்லை. கார் தன் ஷெட்டை விட்டுக் கிளம்பிய நிமிஷத்திலிருந்து மறுபடி ஷெட்டுக்குத் திரும்பும் வரை நேரமும் தூரமும் உங்களுடையவை. திருமோகூர், திருவாதவூர், மேலூர், அழகர் கோவில் என்று சுற்றி மதுரை திரும்பினால் 80 கிலோமீட்டரைத் தொட்டும் தொடாமலும்தான் வரும். ஷெட் ஊரின் மறு கோடியில் இருந்தால் போகவர அந்தத் தூரமும் சேர்ந்து எண்பதைத் தாண்டிவிடும். "கணக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?" என்று முதலில் கேளுங்கள். "நாங்கள் ஏறும் இடத்திலிருந்து இறங்கும் இடம் வரை" என்று ஒப்புக் கொண்டால் நல்லது. ஒப்புக் கொள்ளாவிட்டால் ஷெட் எங்கே என்றாவது தெரிந்து கொள்ளுங்கள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருப்பவர் யாராவது கிடைப்பார்.

இரண்டாவது, நேரம். கோயில் பிரயாணத்தில் பணத்தை விழுங்குவது தூரத்தைவிட நேரம்தான். நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பினால் பாதி வழியிலே நடை சாத்திவிடும். அப்புறம் மரத்தடியில் மூன்று, நான்கு மணி நேரம் கார் சும்மா நிற்கும். மீட்டர் மட்டும் ஓடிக் கொண்டிருக்கும். அதே மூன்று கோயில்களையும் காலை 6 மணிக்குக் கிளம்பி, முதலில் திருமோகூர், பிறகு திருவாதவூர், கடைசியில் அழகர் கோவில் என்று வைத்துக் கொண்டால் நண்பகலுக்குள் தரிசனம் முடிந்து, சாப்பாட்டு வேளைக்கு மதுரை வந்து விடலாம். எட்டு மணி நேரத்தில் மிச்சமே இருக்கும். அதிகாலையில் எழுந்து இட்லியைப் பொட்டலம் கட்டுகிற சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்துக்கு நல்ல கூலி கிடைக்கிறது!

மூன்றாவது, பேட்டா. டிரைவரின் சாப்பாட்டுக்கும் படிக்கும் தருவது இது. இதில் கஞ்சத்தனம் கூடாது. நம்மை நாள் முழுதும் பத்திரமாகக் கொண்டுபோய் வருகிறவர் அவர். ஆனால் எவ்வளவு, வாடகையில் சேர்ந்ததா, தனியா, இரவு எத்தனை மணிக்கு மேல் போனால் இரவு பேட்டா என்பதையெல்லாம் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். பல இடங்களில் இரவு 10 மணிக்கு மேல் வேறு கணக்கு. ஒன்பதே முக்காலுக்கு வந்து சேருவதற்கும் பத்தேகாலுக்கு வந்து சேருவதற்கும் உள்ள வித்தியாசம் வழியில் நாம் குடிக்கும் ஒரு கப் காப்பிதான்.

நான்காவது, சுங்கம். இதில் தெரிந்து கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. திருவாதவூருக்கு மதுரையிலிருந்து ஒத்தக்கடை வந்து, அங்கே திரும்பி, திருமோகூர் வழியாகப் போகலாம். அல்லது நான்கு வழிச் சாலையிலேயே மேலூர் வரை போய்த் திரும்பலாம். இரண்டாவது வழியில் சிட்டம்பட்டிச் சுங்கச் சாவடி வரும். முதல் வழியில் வராது. சுங்கம் உங்கள் தலையில் என்றால், எந்த வழியில் போவது என்பதையும் நீங்களே கேட்டுத் தீர்மானிக்கலாம் அல்லவா?

தேசிய நெடுஞ்சாலையில் ஒரே சாவடி வழியாக 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினால் இரண்டு மடங்கு கட்டணம் கிடையாது, ஒன்றரை மடங்குதான். இது 2008-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து எல்லாக் கார்களுக்கும் பாஸ்டாக் கட்டாயம் ஆகிவிட்டது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டைச் சாவடியில் இயந்திரம் படித்து, பணத்தைக் கழித்துக் கொள்கிறது. எவ்வளவு கழிந்தது என்று வண்டிச் சொந்தக்காரரின் செல்போனுக்குச் செய்தியும் வந்து விடும். ஆகவே "சுங்கம் இவ்வளவு ஆச்சு அம்மா" என்றால், "அந்த மெஸேஜைக் கொஞ்சம் காட்டுங்கள் தம்பி" என்று கேட்பதில் தப்பே இல்லை. சந்தேகப்படுவதாக ஆகாது, கடைக்காரரிடம் பில் கேட்கிறோமே, அதைப் போலத்தான்.

ஐந்தாவது, வெளியூர்ப் பிரயாணம். மதுரைக்கு வந்தவர்கள் அப்படியே ராமேசுவரமும் போய்வர ஆசைப்படுவது இயற்கை. அங்கே கணக்கு வேறு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள்; கூடவே "ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர்" என்ற நிபந்தனையும் பொதுவாக இருக்கும். நாள் என்றால் 24 மணி நேரம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்கள் கணக்கில் நாள் என்பது நள்ளிரவு 12 மணியோடு முடிந்து விடுகிறது. சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பி ஞாயிறு மாலை 4 மணிக்குத் திரும்பினால் உங்களுக்கு ஒரு நாள். அவர்களுக்கு இரண்டு நாள். மதுரையிலிருந்து ராமேசுவரம் போய்வர சுமார் 350 கிலோமீட்டர் ஆகும். ஆனால் இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர் கணக்கு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 4,900 ரூபாய் ஆக வேண்டியது 7,000 ஆகிறது, பேட்டாவும் இரட்டிப்பு. ஞாயிறு விடியற்காலை கிளம்பி அன்றிரவே திரும்பினால் ஒரே நாள்தான். இரவு தங்கித் தீர்த்தமாட வேண்டும் என்றால் தங்குங்கள். அதற்கு இவ்வளவு விலை என்று தெரிந்து தங்குங்கள்.

கேரளப் பக்கம் போவதானால் எல்லை தாண்டும் பெர்மிட் செலவு யாருடையது என்று கேளுங்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. அதைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. "இ-பாஸ் எடுத்த செலவு" என்று யாராவது ஒரு தொகையைக் கணக்கில் எழுதினால், அது பாஸுக்கு அல்ல, எடுத்துக் கொடுத்த கைக்கு என்று தெரிந்து கொள்ளுங்கள். நாமே செல்போனில் பதிவு செய்து விடலாம்.

இனி, செல்போனில் கூப்பிடுகிற டாக்ஸி. பெரிய ஊர்களில் இதுதான் சௌகரியமாக இருக்கிறது. இதிலும் நரி உண்டு. ஆனால் அது கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருக்கிறது. மழை வந்தால் ஒரு விலை, ஆபீஸ் விடும் நேரத்தில் ஒரு விலை. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியில், கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டி அதை இரண்டு மடங்கு வரை உயர்த்தியது. ஆகவே திரையில் காட்டும் தொகை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தால், பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்ப்பது உத்தமம். சிலசமயம் ஒரு காப்பி நேரத்தில் விலை இறங்கி விடும்.

திரையில் முதலில் ஒரு விலையைக் காட்டி, உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, கடைசியில் வேறு தொகையைக் கேட்பது — இதற்குப் பெயரே வைத்து விட்டார்கள். "டிரிப் பிரைசிங்" என்கிறார்கள். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது போல விலை ஒழுகுகிறதாம்! 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. நாம் கேட்காமலே இன்ஷ்யூரன்ஸ், தர்ம நிதி என்று கூடையில் ஏதாவது போட்டு வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "சரி" என்ற பொத்தானை அழுத்துமுன் அந்தச் சின்னக் கட்டங்களை ஒருமுறை பாருங்கள். நீங்கள் போடாத டிக் மார்க் இருந்தால் எடுத்து விடுங்கள். காய்கறிக் கூடையில் நாம் எடுக்காத கத்தரிக்காய் இருந்தால் சும்மா இருப்போமா?

சில வீடுகளில் பிள்ளைகள், "டிரைவர் எதற்கு அம்மா, காரை மட்டும் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டுகிறோம்" என்கிறார்கள். பேஷாகச் செய்யட்டும். ஆனால் அங்கே நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். முன்பணமாக எவ்வளவு வைத்துக் கொள்கிறார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் என்ன விலை? பெட்ரோல் எந்த அளவில் கொடுத்து எந்த அளவில் திரும்ப எதிர்பார்க்கிறார்கள்? கீறல் விழுந்தால் நம் பொறுப்பு எத்தனை ரூபாய் வரை? காரை எடுக்கும்போதே நான்கு பக்கமும், உள்ளேயும், பெட்ரோல் முள்ளையும், கிலோமீட்டர் எண்ணையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. யாரோ போட்ட கீறலுக்கு நாம் பணம் கட்டுவது இந்தப் படங்கள் இல்லாததால்தான்.

இங்கே பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரின் நம்பர் பலகையைப் பாருங்கள். வாடகை டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும்படி வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது ஒருவருடைய சொந்த உபயோகத்துக்கான கார். அதை வாடகைக்கு விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகை. அதில் டாக்ஸிக்கு மஞ்சள் எழுத்து, சொந்தக் காருக்கு வெள்ளை எழுத்து.

"வெள்ளைப் போர்டு வண்டி, நானூறு ரூபாய் குறைவு" என்று யாராவது சொன்னால் ஆசைப்படாதீர்கள். வழியில் ஏதாவது நேர்ந்தால், "சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டினார்கள்" என்று சொல்லி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. அப்போது ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த நானூறு ரூபாய் எந்த மூலைக்கு? கண்ணுக்குத் தெரியாத கட்டணங்களிலேயே மிகப் பெரியது இதுதான். வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக் கொண்டு போகிற காரில் இந்த ஒரு சிக்கனம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, இவ்வளவையும் எப்படி நினைவு வைத்துக் கொள்வது என்று கேட்கிறீர்களா? நினைவு வைத்துக் கொள்ள வேண்டாம். எழுதி வைத்துக் கொள்ளுங்கள். போனில் பேசி முடித்ததும் அந்த டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி விடுங்கள்:

"ஐயா, நாம் பேசியபடி ஞாயிறு காலை 6 மணிக்கு, மதுரை ரயிலடியிலிருந்து திருமோகூர், திருவாதவூர், அழகர் கோவில் போய்வர ஒரு ஏ.சி. கார். மஞ்சள் போர்டு. 8 மணி நேரம், 80 கிலோமீட்டருக்கு 2,200 ரூபாய். கணக்கு ரயிலடி முதல் ரயிலடி வரை. அதிகக் கிலோமீட்டருக்கு 15, அதிக மணிக்கு 150. டிரைவர் பேட்டா 400. ஜி.எஸ்.டி. தனி. சுங்கம், பார்க்கிங் ரசீதுப்படி. வேறு எதுவும் இல்லை. சரி என்று பதில் போடவும்."

"வேறு எதுவும் இல்லை" என்ற கடைசி வரிதான் இதில் உயிர். அதற்குச் "சரி" என்று பதில் வந்து விட்டால் உங்களுக்குக் கவலை இல்லை. பதில் போடத் தயங்குகிறார் என்றால், தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது; வேறு ஆளைப் பார்க்கலாம். காலையில் ஏறியதும் கிலோமீட்டர் எண்ணை டிரைவர் எதிரிலேயே குறித்துக் கொள்ளுங்கள், இறங்கும்போதும் அப்படியே. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதன் ரசீதும் அதே செல்போனில் இருக்கட்டும்.

பேசியதற்கு மாறாகக் கேட்டால்? டிரைவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பெரும்பாலும் கார் அவருடையது அல்ல. விலை வைத்தவரும் அவர் அல்ல. ராத்திரி முதலாளி கேட்கும் கணக்குக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அந்தச் செய்தியைக் காட்டி, முதலாளிக்கே போன் போட்டுப் பேசுங்கள். ஒப்புக் கொண்ட தொகையைக் கொடுத்து பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வாங்குகிறவர் தமது பதிவு எண்ணோடு பில் கொடுக்கத்தான் வேண்டும். எண் இல்லாவிட்டால் வரி கேட்க அவருக்கு உரிமை இல்லை. எங்கள் உதாரணத்தில் 160 ரூபாய் அங்கேயே மிச்சம்!

அப்படியும் அநியாயம் நடந்தால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "மதுரையில் நடந்ததற்குச் சென்னையிலிருந்து யார் அலைவது?" என்று பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் கையில் சான்று வேண்டும்; அதற்குத்தான் அந்த வாட்ஸப் செய்தி.

எல்லாவற்றையும் சொல்லி விட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடலாமா? எல்லோருக்கும் எப்போதும் கார் தேவையில்லை. மதுரையிலிருந்து திருவாதவூருக்கு டவுன் பஸ் போகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நடக்கத் தெம்புள்ள இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து காலையில் பஸ் ஏறினால், திருமறைநாதரையும் வேதநாயகி அம்மனையும் தரிசித்து வர வழிச் செலவு ஒரு காப்பி விலைதான். மறை கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை!

பெரியவர்களோடு போனால் கார்தான் சரி. அப்போது கூலி பேசுவதை அற்பம் என்று நினைக்காதீர்கள். மதுரையில் ஆவணி மூலத்தின்போது கொண்டாடும் பிட்டுத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வைகைக் கரையை அடைக்க ஆள் தேடிய வந்திக் கிழவி, கூலியாக வந்தவரிடம் முதலிலேயே சொல்லி விட்டாள்: "உதிர்ந்த பிட்டு உனக்கு." வந்தவர் இறைவன் என்று அவளுக்குத் தெரியாது, அவரும் கூலிக்கு ஒப்புக் கொண்டுதான் கூடையைத் தூக்கினார். கூலி விஷயத்தில் இருவருக்குள்ளும் கடைசி வரை ஒரு வார்த்தை தகராறு வரவில்லை. ஏழைக் கிழவிக்குத் தெரிந்த அந்தக் கறார் நமக்கும் வேண்டும்.

கறாராகப் பேசுங்கள், பேசியதைத் தயங்காமல் கொடுங்கள். நாள் முழுதும் வண்டியை நிதானமாக ஓட்டி, படியேற முடியாத மாமியாருக்குக் கை கொடுத்து, நடை சாத்துமுன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த டிரைவராக இருந்தால், கணக்குக்கு மேலே உங்கள் கையால் ஐம்பதோ நூறோ சேர்த்துக் கொடுங்கள். கேட்டு வாங்குகிற நூறு ரூபாய்க்கும் நீங்களாகக் கொடுக்கிற நூறு ரூபாய்க்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. அடுத்த தடவை நீங்கள் மதுரைக்குப் போகும்போது, அந்த டிரைவரே, "அம்மா, அழகர் கோவிலுக்கா? காலை ஆறு மணிக்கே கிளம்பிடலாம்மா" என்று உங்களுக்கு யோசனை சொல்வார், பாருங்கள்!